சம்பந்தியின் ஒன்பது இடமாற்றங்கள்

1

இந்தக் கனடாவில் பெண் கேட்டு யாரும் வருவதில்லை. பெண்ணே வந்து அறிவித்துவிட்டுப் போகிறாள். சென்ற வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மில்லிக்கனில் எங்கள் வீட்டுக் குசினியில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மகள் அபி காரை விட்டு இறங்கியவள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

“அப்பா, நானும் மார்க்கஸும் கலியாணம் கட்டப் போறம். வாற வருசம் ஓகஸ்ட். ஹோல் புக் பண்ணியாச்சு. பிளீஸ், டோன்ட் கிரை.”

“நான் அழேல்லைப் பிள்ளை. வெங்காயம்.”

மார்க்கஸ் எங்களுக்குப் புதியவன் அல்ல. இரண்டு வருடமாக ‘பிரெண்ட்’ என்ற பெயரில் வந்து எங்கள் வீட்டு இடியப்பத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். சொதியை எவ்வளவு விடவேண்டும் என்று தெரிந்தவன். நானும் என் மனைவி சரோவும் அவனை பிரெண்ட் என்று நம்புவதுபோல் நடித்தோம். நாங்கள் நம்புவதாக அவர்கள் நடித்தார்கள். பிக்கரிங்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறான். ஆசிரியர் என்றவுடன் என் மனம் பாதி இறங்கிவிட்டது. மிச்சப் பாதிக்காகத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

“தகப்பன் என்ன வேலை?”

“ரிட்டயர்ட். பாஸ்கெட்போல் விளையாடினவர், அமெரிக்காவிலை.”

“அது சரி. வேலை என்ன?”

“அப்பா, அதுதான் வேலை.”

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்கள் என் நிலைமையை யோசித்துப் பார்க்கவேண்டும். எனக்கு வாய்க்கப்போகும் சம்பந்தி, ஆறடி ஒன்பது அங்குல உயரமான கறுப்பு அமெரிக்கர். பந்தை எறிந்து ஓய்வு பெற்றவர். சொந்தக்காரர் என்னை என்ன கேட்பார்கள் என்று தெரியும். முதலில் நிறத்தைக் கேட்பார்கள். எங்கள் வீட்டுக் கலியாணப் படங்களில் நாங்கள் என்ன நிறம் என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கேளுங்கள் என்று பதிலைத் தயார்செய்து வைத்தேன். எனக்கு அதில் கவலை இல்லை என்று எழுத ஆசைதான். இருந்தது. இரண்டு நாள் இருந்தது. பிறகு அதைவிடப் பெரிய கவலை ஒன்று வந்து அதைத் தள்ளிவிட்டது.

2

அந்தப் பெரிய கவலை கணினியில் கிடைத்தது. இந்தக் கண்டத்து விளையாட்டுக்காரருடைய முழு உத்தியோக வரலாறும் இணையத்தில் அட்டவணையாகக் கிடக்கிறது. சம்பந்தியின் பெயர் ரெஜி. அவருடைய அட்டவணையை ஒரு விரலால் மெல்ல மெல்லக் கீழே இறக்கினேன். டென்வர், இரண்டு வருடம். டலஸ், ஒரு வருடம். அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒன்று, சில வருடங்களில் இரண்டு. கடைசியாக டொரோண்டோ. எண்ணிப் பார்த்தேன். பதினொரு வருடச் சேவையில் ஒன்பது இடமாற்றம்.

மற்றவர்கள் இதைப் பார்த்தால் பேசாமல் போயிருப்பார்கள். நான் போக முடியாது. கனடா வருவதற்கு முன் நான் இலங்கையின் வடக்கில், கந்தோர் என்று நாங்கள் சொல்லும் கல்வி அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞனாக இருந்தேன். என் மேசைக்கு வந்ததெல்லாம் ஆசிரியர் இடமாற்றம்தான். இடமாற்றத்தில் எத்தனை சாதி உண்டோ அத்தனையும் எனக்குத் தெரியும். சொந்த வேண்டுகோளில் மாறுவது ஒன்று. இரண்டு பேர் பேசிவைத்து ஆளுக்காள் மாறுவது ஒன்று. மூன்றாவதில் ‘சேவையின் தேவை கருதி’ என்று ஒரு வரி இருக்கும். வாசிக்க மரியாதையாக இருக்கும். அர்த்தம் என்னவென்றால், உங்களைப் பிடிக்காத ஒருவர் எங்கேயோ இருக்கிறார் என்பது.

முழுச் சேவைக் காலத்திலும் மூன்று இடமாற்றம் வாங்கியவரைப் பார்த்தாலே கந்தோரில் நாங்கள் குரலைத் தாழ்த்திக் கதைப்போம். ஒன்பது! குடியோ, கைநீட்டமோ, பள்ளிக்கூட அதிபருக்கு அடித்தாரோ?

நான் ஒரு கோப்புத் திறந்தேன். மட்டைக் கோப்பு, நாடா கட்டியது. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தாள். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் சிவப்பு மையில் ‘ஏன்?’ என்று எழுதினேன்.

சரோ எட்டிப் பார்த்தாள். “இஞ்சரப்பா, உங்களுக்கு என்ன விசரோ? அந்த மனுசன் பென்சனுக்கோ எழுதிப் போட்டவர்?”

3

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. கலியாணம் பேசினால் பெண் வீட்டார் ஓர் ஆளை அனுப்பி மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பார்கள். போகிறவர் அந்த வீட்டுக்குப் போகமாட்டார். சந்திக் கடையில் ஒரு தேத்தண்ணீர் குடிப்பார். தபால்காரரிடம் வழி கேட்பார். பின்னேரம் திரும்பி வரும்போது மூன்று தலைமுறையின் வரவும் வருத்தமும் வாய்ச் சண்டையும் அவர் மடியில் இருக்கும்.

டென்வரில் சந்திக் கடை எங்கே என்று எனக்குத் தெரியாது. ஆனால் உலகத்தில் எங்கள் ஆள் இல்லாத நகரம் இல்லை. சரோவின் ஒன்றுவிட்ட தம்பி டென்வருக்குப் பக்கத்தில். டலஸில் என்னோடு கந்தோரில் இருந்த சிவபாலன், மகனோடு. சக்ரமெண்டோவில் ஒரு பல் வைத்தியர், எங்கள் பக்கத்து ஊர். ஒன்பதில் ஏழு ஊருக்கு ஆள் பிடித்தேன். மெல்லிய விலாசக் கொப்பி ஒன்றையும் தொலைபேசியையும் வைத்துக்கொண்டு ஒரு கிழமை உழைத்தேன். ஓய்வு பெற்ற பிறகு இப்படி உற்சாகமாக நான் இருந்ததில்லை.

விசாரணை அறிக்கைகள் வரத் தொடங்கின. டென்வர்: “அத்தான், முப்பது வருசத்துக்கு முந்தி விளையாடின ஆளை நான் ஆரிட்டைக் கேக்கிறது? ஆனா குடிச்சதா ஒருத்தரும் சொல்லேல்லை.” சக்ரமெண்டோ: “பல்லு எப்பிடி எண்டு வேணுமெண்டால் படம் பாத்துச் சொல்லுறன்.” மற்ற நாலு பேரும் அறிக்கை தருவதற்குப் பதிலாக என்னைக் கேட்டார்கள்: “ஆருக்கு? அபிக்கோ? சொல்லவேயில்லை!”

விசாரிக்கப் போனவனையே எல்லோரும் விசாரித்தார்கள். அபி தன் சிநேகிதிகளுக்குச் சொல்லமுதல் அமெரிக்காவின் மேற்குக் கரைவரை சேதி போய்விட்டது. சிட்னியில் இருக்கும் சரோவின் தமக்கை, நகை எடுக்கவேண்டாம், தான் கொண்டு வருவதாகச் செய்தி அனுப்பினார்.

இதோடு நின்றிருந்தால் தப்பியிருப்பேன். சிவபாலன் எப்போதும் சொன்ன வேலையைவிட ஒரு படி கூடச் செய்பவன். மகனைப் பிடித்து, பழைய ஆட்டக்காரரைப் பற்றி ரசிகர்கள் கதைக்கும் ஓர் இணையப் பக்கத்தில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டான். நல்ல கந்தோர் ஆங்கிலம். ‘இன்னாரை ஒன்பது தடவை இடம் மாற்றியதற்குக் காரணமான குற்றம் யாது? திருமண விடயமாக என் மாமா ஒருவருக்குத் தேவைப்படுகிறது.’

நாற்பது பேர் சிரித்து எழுதியிருந்தார்கள். நாற்பத்தோராவது பதில் ரெஜி என்ற பெயரில் இருந்தது. ‘எனக்கும் அதை அறிய ஆசை. உங்கள் மாமாவை என்னோடு கதைக்கச் சொல்லுங்கள்.’

4

அபி வந்தபோது நான் தோட்டத்தில் நின்றேன். அவள் கத்தவில்லை. கத்துகிற பிள்ளை கத்தாமல் நின்றால்தான் எனக்குப் பயம்.

“நீங்களா அப்பா?”

“இல்லை, சிவபாலன்...”

“டோன்ட். சிவபாலன் அங்கிளுக்கு ஆர் சொன்னது?”

நான் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டேன். வேலிக் கரையில் கத்தரிக்கன்றுக்குத் தண்ணீர் வழிந்து ஓடியது.

“மார்க்கஸின்ரை அப்பா எவ்வளவு கைண்ட் எண்டு உங்களுக்குத் தெரியுமா? உங்களுக்குக் கண் ஒப்பரேஷன் நடக்கேக்கை நாலு தரம் எனக்குக் கோல் பண்ணிக் கேட்டவர். அவரைப் போய் கிரிமினல் மாதிரி. என்ரை ஹோல் லைஃப், நீங்கள் கேள்வி கேக்கிறதும் நாங்கள் ஃபோர்ம் நிரப்புறதும்தான்.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “ஐ டோன்ட் வோன்ட் யூ அட் த வெடிங், அப்பா. அம்மா வரட்டும். கையைப் பிடிச்சுக் குடுக்கிறதை டென்வர் மாமா செய்வார்.”

கார்க் கதவு மூடிய சத்தம் கேட்டது. கன்னிகாதானத்தில் ஐயர் கூப்பிடும்போது அபியின் கையை வேறு யாரோ எடுத்துக் கொடுக்கப்போகிறார். அந்த நினைப்பில் எனக்கு உண்மையிலேயே கண்ணீர் வந்தது. அன்றைக்கு வெங்காயம் ஒன்றும் பக்கத்தில் இல்லை.

சரோ மீன் ரோல்ஸ் பொரிக்கத் தொடங்கினாள். இருபத்தைந்து ரோல்ஸை ஒரு பெட்டியில் அடுக்கி என் கையில் தந்தாள். “பிக்கரிங்குக்கு, அவையின்ரை வீட்டை போங்கோ. போய் அந்த மனுசனிட்டை மன்னிப்புக் கேளுங்கோ. அந்தக் கோப்பையும் கொண்டு போய்க் குடுத்திட்டு வாங்கோ. இனி அது இந்த வீட்டிலை கிடக்கக் கூடாது.”

5

கண் ஒப்பரேஷனுக்குப் பிறகு கார் ஓட்ட வைத்தியர் இன்னும் விடவில்லை. இரண்டு பஸ் மாறிப் போனேன். கதவைத் திறந்தவுடன் எனக்கு முன்னால் தெரிந்தது சட்டையின் மூன்றாவது பொத்தான். முகத்தைத் தேடி மேலே போகவேண்டியிருந்தது. ரெஜியின் மனைவி வேலைக்குப் போயிருந்தார். முழங்கால் இரண்டும் போன மனிதர், தாழ்ந்த கதிரையில் இருந்தால் எழும்ப முடியாதென்று குசினியில் உயரமான முக்காலியில் இருந்தார். என்னையும் அப்படி ஒன்றில் ஏற்றிவிட்டார். என் கால் நிலத்தில் படவில்லை.

ரெஜி கதைப்பது அமெரிக்காவின் தெற்கு மாநிலத்து ஆங்கிலம். எனக்கு விளங்கிய அளவில் தருகிறேன். இங்கே அவர் யாழ்ப்பாணத்தார்போலக் கதைத்தால் அது என் பிழை.

நான் மன்னிப்பு என்று தொடங்கமுதல் கையை நீட்டினார். “உதுவோ என்ரை கோப்பு? தாங்கோ பாப்பம்.”

கண்ணாடியைப் போட்டார். நாடாவை அவிழ்த்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். ஓரத்தில் இருக்கும் சிவப்பு எழுத்து என்னவென்று கேட்டார். சொன்னேன். ஒரு ரோல்ஸைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

“சரி. எழுதுங்கோ. முதலாவது. நான் நல்லாத்தான் விளையாடுறன் எண்டு நினைச்சன். அவைக்கு வேறை ஒரு ஆள் தேவைப்பட்டிது. அந்த ஒராளுக்கு எங்களிலை ரெண்டு பேரைக் குடுத்தவை.” அடுத்த ரோல்ஸ். “ரெண்டாவது. தலைமயிர் வெட்டப் போயிருந்தன். பாதி வெட்டியிருக்க ரேடியோவிலை என்ரை பேர் போகுது. மற்றப் பாதியை வெட்டி முடிக்கேக்கை நான் வேறை ஊர்க்காரன்.”

நான் பேனாவை எடுத்தேன். பழக்கதோஷம்.

மூன்றாவது, பயிற்சியாளர் மாறினார், அவருக்குத் தெரிந்த ஆட்கள் வந்தார்கள். நாலாவது ஊரில் பத்தொன்பது நாள் இருந்தார், சூட்கேஸ் திறக்கவில்லை. ஐந்தாவது ஊரில் மார்க்கஸ் பிறந்தான், மூன்றாம் நாள் அழைப்பு வந்தது. ஆறாவது ஊரில் ஓர் இளம் ஆட்டக்காரனுக்கு வேலை பழக்கச் சொன்னார்கள். பழக்கினார். அவன் நன்றாகப் பழகியதும் இவர் தேவைப்படவில்லை.

“ஏழாவதுதான் விசேசம். அண்டைக்கு மாதிரி நான் என்ரை வாழ்க்கையிலை விளையாடினதில்லை. கூடைக்குக் கீழை வந்த பந்தெல்லாம் என்ரை. முழு ஸ்டேடியமும் என்ரை பேரைச் சொல்லிக் கத்தினது. அடுத்தநாள் காலமை கந்தோருக்குக் கூப்பிட்டவை. பாராட்டத்தான் எண்டு நினைச்சு நல்ல சேர்ட் போட்டுக்கொண்டு போனன். நான் விளையாடினதைப் பாத்து வேறை ஊர் என்னைக் கேட்டிட்டுதாம்.” கையை விரித்தார். “விளையாடாட்டிலும் மாத்துவினம், விளையாடினாலும் மாத்துவினம்.”

எட்டும் ஒன்பதும் வெறும் சம்பளக் கணக்கு. டொரோண்டோ வந்தபோது மார்க்கஸுக்கு வயது ஆறு. அதற்குள் ஐந்து ஊர். பத்தாவது அழைப்பும் வந்ததாம். மனைவி சூட்கேஸை எடுத்துக் குப்பை போடும் இடத்தில் வைத்துவிட்டு வந்தார். அத்தோடு விளையாட்டு முடிந்தது.

ஒன்பது தாளையும் நிரப்பிவிட்டேன். ஒன்றில்கூடக் குற்றம் இல்லை. விசாரணை இல்லை. விளக்கம் கேட்ட கடிதம்கூட இல்லை.

“என்னைச் சந்திக்கிற சனம் நான் எத்தனை பொயின்ட் எடுத்தனான் எண்டு கேக்கும்,” என்றார் ரெஜி. “நான் என்ன பிழை செய்தனான் எண்டு கேட்ட முதல் ஆள் நீங்கள். கோவிக்கேல்லை. ஒவ்வொரு பிளேனிலையும் நானும் அதைத்தான் என்னட்டைக் கேட்டுக்கொண்டு போனனான்.”

அந்தக் கேள்வி முன்பு ஒருமுறை என் காதில் விழுந்திருக்கிறது. அதைக் கேட்டவர் ஒரு ரீச்சர். கைக்குழந்தையோடு என் மேசைக்கு முன்னால் நின்றார். பெயர் பவளராணி. முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றியிருந்தோம். “நான் என்ன பிழை செய்தனான், தம்பி?” என்று கேட்டார். “சேவையின் தேவை, ரீச்சர்,” என்றேன். அவர் மேன்முறையீட்டுக் கடிதம் தந்தார். புதன்கிழமை குழு கூடமுன் அதைக் கோப்பில் வைக்கவேண்டும். செவ்வாய் பின்னேரம் நான் கிரிக்கெட் பார்க்கப் போனேன். வியாழன்தான் வைத்தேன். குழு போய்விட்டது. ரீச்சரும் போனார். இதை நான் சரோவுக்கும் சொன்னதில்லை. கனடாவுக்கு வந்தேன், சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் ஆறு பேரோடு இருந்தேன், உணவகத்தில் கோப்பை கழுவினேன், வாசலில் காவல் நின்றேன். அந்தக் கடிதம் பற்றி நினைக்கவேண்டிய அவசியம் வரவில்லை.

ரெஜிக்குச் சொன்னேன், முழுவதையும். என் ஆங்கிலத்தில் அது எவ்வளவு நொண்டியதோ தெரியாது. அவர் ரோல்ஸைக் கீழே வைத்தார். பிறகு அந்தப் பெரிய உடம்பு முழுவதும் குலுங்கச் சிரித்தார்.

“அப்ப அந்த ஆள் நீங்கள்தானோ? பதினொரு வருசமா நான் உங்களைத்தான் தேடினனான்!”

அவர் தோளில் தட்டியதில் நான் முக்காலியிலிருந்து விழப்பார்த்தேன். மேசையைப் பிடிக்கத் திரும்பியபோது குசினி வாசலில் அபி நின்றாள். சரோதான் சொல்லி அனுப்பியிருக்கவேண்டும். எவ்வளவு நேரமாக நின்றாளோ, சப்பாத்தைக் கையில் வைத்திருந்தாள்.

6

அபி என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். நெடுஞ்சாலையில் ஏறியதும் கேட்டாள்.

“அந்த ரீச்சருக்குப் பிறகு என்ன நடந்தது?”

“தெரியாது பிள்ளை.”

“பேபிக்கு?”

“தெரியாது.”

“அப்பா,” என்றாள், ரோட்டைப் பார்த்தபடி. “மார்க்கஸின்ரை அப்பாவை செவன் சிட்டீஸிலை விசாரிச்சனீங்கள். அவவை ஒரு நாளும் விசாரிக்கேல்லையா?”

வெட்கமாக இருந்தது. அறுபத்தைந்து வயதில் மகளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அப்படி வெட்கப்படும் நிலை யாருக்கும் வரக்கூடாது. வீட்டு வாசலில் காரை நிற்பாட்டினாள்.

“அவவைக் கண்டுபிடியுங்கோ. கண்டுபிடிச்சு சொரி சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு வெடிங்கைப் பற்றிக் கதைப்பம்.”

அடுத்தநாள் விடியக்காலையிலேயே ஊர்க் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே பின்னேரம். நான் சேவையிலிருந்த காலத்தில், கதைத்த பெண்பிள்ளையின் பெற்றோருக்கே கலியாணம் நடந்திருக்காது. பழைய கோப்பெல்லாம் யுத்தத்தோடு போய்விட்டது என்றாள். “நீங்கள் அவவுக்கு என்ன உறவு ஐயா?” என்று கேட்டாள். “மாத்தின கிளாக்,” என்றேன். அவளுக்கு அது விளங்கவில்லை. எனக்கும் அதைவிட நல்ல பதில் இருக்கவில்லை.

பிறகு எங்கள் பழைய வழிதான். சிவபாலனைப் பிடித்தேன். இந்த முறை இணையத்தில் ஒன்றும் போடக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். அவன் லண்டனில் ஒரு முன்னாள் பள்ளிக்கூட அதிபரைப் பிடித்தான். அவர் பாரிஸில் ஒருவரை. பதினாறாம் நாள் வவுனியாவில் ஒரு வீட்டுத் தொலைபேசி இலக்கம் கிடைத்தது. அபி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்தாள். தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு, பிடித்துக்கொண்டு இருந்தாள். நம்பவில்லை என்று அர்த்தம்.

“ஆர் கதைக்கிறது?” குரல் உறுதியாக இருந்தது. படிப்பித்தவர்களின் குரல் கிழடாவதில்லை.

பெயரைச் சொன்னேன், கந்தோரைச் சொன்னேன், செவ்வாய்க்கிழமையைச் சொன்னேன், கிரிக்கெட்டைச் சொன்னேன். மன்னிக்கவேணும் ரீச்சர் என்றேன். மறுபக்கத்தில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

“தம்பி, எனக்கு நாலு இடமாற்றம் வந்தது. நீங்கள் எதுக்குரிய கிளாக்?”

“முதலாவது, ரீச்சர். முல்லைத்தீவு.”

“ஓ, அதுவோ.” பாத்திரச் சத்தம் நின்றது. “அதுதான் எல்லாத்திலும் கஸ்டமாப் போச்சு. மகன் கைப்பிள்ளை. அவரும் வேறை ஊரிலை. மகன் இப்ப வாத்தியார்தான். சுகமா இருக்கிறார். நீங்கள் கிரிக்கெட்டுக்குப் போனது எனக்குத் தெரியாது. நான் என்ரை கடிதத்திலைதான் ஏதோ பிழை எண்டு இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான்.”

“உங்கடை கடிதத்திலை ஒரு பிழையும் இல்லை, ரீச்சர். நல்ல கடிதம்.”

“அப்ப சரி,” என்றார். மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் திருப்பிக் கேட்கவில்லை. “என்ன தம்பி, இவ்வளவு காலத்துக்குப் பிறகு இப்ப ஞாபகம் வந்தது?”

“மகளுக்குக் கலியாணம், ரீச்சர்.”

“நல்ல விசயம். மாப்பிள்ளை வீட்டாரை வடிவா விசாரிச்சனீங்களோ?”

நான் வாயைத் திறக்கமுதல் அபி தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது, சிரிப்பையும் அடக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய தமிழ் எப்போதும்போல் இரண்டு இடத்தில் தடக்கியது.

“ரீச்சர், நான் அபி. மகள். ஓம், நல்லா விசாரிச்சவர். நீங்களும் வெடிங்குக்குக் கட்டாயம் வரவேணும், ஓகே? வாற வருசம் ஓகஸ்ட்.” என்னைப் பார்த்தாள். “அப்பாதான் என்ரை கையைப் பிடிச்சுக் குடுப்பார்.”